‘நார்மல்’ என்று எழுதும் நரம்பியல் மருத்துவர்களுக்கு

கடலூர், புதுச்சேரி நரம்பியல் மருத்துவர்களுக்கு வணக்கம்.

மூளையின் மின்னலைகளைப் பதிகிற ஈ.ஈ.ஜி. டெஸ்டுக்குத் தலையில் பேஸ்ட் வைத்து வயர் ஒட்டுகிற டெக்னீஷியன் நான். “எண்ணெய் வைக்காம தலைக்குக் குளிச்சுட்டு வாங்க” என்று சொல்லிச் சொல்லியே பொழுது போகிறது. இன்று எழுதுவது ஒரு மகளாக.

அப்பா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவர். வெறுங்கையால் ஐஸை அள்ளிப் பெட்டியில் கொட்டியவரால் இன்று விடியற்காலையில் சிமென்ட் தரையில் கால் வைக்க முடியவில்லை. சுகர். “ஜில்லுனு இல்லம்மா, தணல மிதிச்ச மாதிரி இருக்கு” என்கிறார். கட்டிலிலிருந்து பின்கட்டு வரைக்கும் அம்மா சாக்கு விரித்து வைத்திருக்கிறார். ஒருநாள் ஆசையாகத் தைலம் தேய்த்துவிட்டார். அப்பா காலை உதறிய உதறலில் பாட்டில் உடைந்தது.

ஒரு மருத்துவமனையில் நரம்பு டெஸ்ட் எடுத்தார்கள். காலில் ஷாக் கொடுத்தார்கள், பாதம் துள்ளியது, அலை அழகாக வந்தது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’. “நரம்புல ஒண்ணும் இல்ல, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்று அனுப்பினார்கள். பஸ் ஆல்பேட்டை தாண்டும் வரை அப்பா வாய் திறக்கவில்லை. பிறகு கேட்டார்: “அப்போ எரியறது யாரு காலு?”

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. அந்த டெஸ்ட் பார்ப்பது தொடுதலையும் அசைவையும் சுமக்கிற தடித்த நரம்பிழைகளை. அவை விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் ஓடுபவை. குளிர்ச்சி ஏறிப்போவது ஏ-டெல்டா என்கிற மெல்லிய இழைகளில்; வேகம் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர்தான். சுகர் பல பேருக்கு முதலில் அரிப்பது மெல்லிய இழைகளைத்தான். தடித்ததைச் சோதித்துவிட்டு மெல்லியதற்கும் சேர்த்து நற்சான்று கொடுத்தால் எப்படி?

குளிரை வைத்தே சோதிக்க வழி இருக்கிறது. 30 டிகிரி வாக்கில் இருக்கும் சிறு தகட்டைத் தோலில் வைத்து, கண் இமைக்கும் நேரத்தில் சில டிகிரி குளிர வைக்க வேண்டும். அதற்கு மூளை எழுப்பும் அலையை, நான் தினமும் ஒட்டுகிற அதே வயர்களால் உச்சந்தலையில் பிடிக்கலாம். ஒரு தடவைக்கு அலை தெரியாது. பல தடவை குளிரவைத்துச் சராசரி எடுக்க வேண்டும். அலை சிறுத்தாலோ தாமதித்தாலோ, தோலிலிருந்து மூளை வரையுள்ள பாதையில் எங்கோ பழுது என்று சந்தேகிக்கலாம். பழைய கருவிகள் நிதானமாகக் குளிர்ந்ததால் இழைகள் ஒருசேரத் துடிக்கவில்லை, அலை சிதறியது. இப்போதைய கருவிகளுக்கு அந்த வேகம் வந்துவிட்டது.

தைலத்துக்கும் இதில் பங்குண்டு. அதிலுள்ள மென்தாலை வைத்துத்தான் விஞ்ஞானிகள் டேவிட் ஜூலியஸும் ஆர்டம் படபூட்டியனும், நரம்பு நுனியில் குளிரை உணரும் டி.ஆர்.பி.எம்.8 என்கிற புரத வாயிலைத் தனித்தனியாகக் கண்டார்கள். 2002இல் அது வெளியானது. 2021இல் இருவருக்கும் நோபல். பாட்டில் உடைந்ததை நினைத்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

ஒரு பயமும் உண்டு. இது வலியை அளக்கிற தராசு இல்லை. தூங்கி வழிகிறவருக்கும் அலை சிறுக்கும். பாதம் முன்பே ஜில்லிட்டிருந்தாலும் கணக்கு மாறும். நாளைக்கு இந்த மெஷின் வந்து, அலை ஒழுங்காக இருக்கிறது, அதனால் நீ நடிக்கிறாய் என்று ஒருவரை விரட்டினால், பழைய கதைதான்.

நம் மருத்துவக் கல்லூரிகள் இதைத் தொடங்க வேண்டும். செருப்பில்லாமல் நடந்து பழகிய நம் ஊர்க் கால்களுக்கு வயதுவாரியாக இயல்பு அளவும் எடுக்க வேண்டும். கருவி வர நாளாகட்டும். அதுவரை ‘நார்மல்’ என்பதற்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்: இந்தச் சோதனை மெல்லிய நரம்பிழைகளைப் பார்க்காது. தமிழில் எழுதினால் அப்பாவே படித்துக்கொள்வார்.

கருவி வந்தால் முதல் ஆளாக அவரைக் கூட்டி வருகிறேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகர் ஐஸ்காரர் மகள்