அப்பா எழுதுறது

தம்பி,

நேத்து நீ போன் பண்ணப்போ இங்க ராத்திரி ஒம்பது, பிரிஸ்பேன்ல ஒன்றரை இருக்கும்ல. அந்நேரத்துல என்ன முழிப்பு, வேலை ஜாஸ்தியா? பேச்சு வேற ஒரு மாதிரி குழறுச்சு, தூக்கக் கலக்கம்னு உங்கம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நேரத்துக்கு சாப்பிடு, நேரத்துக்கு படு.

நீ அனுப்புற ரக்பி லீக் வீடியோ எல்லாம் பாக்குறேன். ஆறாவது தடவ புடிச்சு அமுக்கிட்டா பந்த எதிராளிகிட்ட குடுத்துரணும்ங்கிறது இப்பதான் புரிஞ்சுது. எனக்கு ஆட்டத்தவிட அந்த கோச் வெய்ன் பென்னட்டதான் புடிச்சிருக்கு. சிரிக்கவே மாட்டேங்கிறாரு, எங்க பழைய இன்ஸ்பெக்டரேதான்! அவரும் நம்ம டிபார்ட்மென்ட்டாமே, குவீன்ஸ்லாந்து போலீஸ். போலீஸ்ல இருந்துகிட்டே 1971ல ஆஸ்திரேலியா டீமோட நியூசிலாந்து போய் ஆடிருக்காரு. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

1988ல உங்க ஊரு டீம் பிராங்கோஸ் ஆரம்பிச்சப்போ கோச்சா வந்தவரு, 1990ல வாலி லூயிஸையே கேப்டன்லேருந்து எடுத்துட்டாரு. லூயிஸ்னா அந்த ஊருக்கு ராஜா, ஆனா மனுஷன் அசையல. 1992லேருந்து 2006க்குள்ள ஆறு கோப்பை, அப்புறம் 2010ல டிராகன்ஸ்ங்கிற வேற டீமுக்கு ஒண்ணு. 2015 ஃபைனல்ல சைரன் அடிக்கிற நேரத்துல சமமாகி எக்ஸ்ட்ரா டைம்ல அவரு டீம் 17-16னு தோத்துச்சே, அதப் பாத்துட்டு எனக்கே நெஞ்சு அடைச்சுது. 73 வயசுல டால்பின்ஸ்னு புது டீமுக்கு போய் முதல் மேட்ச்சே ஜெயிச்சுக் குடுத்திருக்காரு, எனக்கு என்னடான்னா அறுபதுலயே பென்ஷன குடுத்து உக்கார வெச்சுட்டாங்க.

சொல்ல வந்தது வேற. அவங்கப்பாவுக்கு குடிப் பழக்கமாம், புள்ளைங்க சின்னதா இருக்கும்போதே வீட்ட விட்டு போயிட்டாராம். இவரு குடிக்கவே மாட்டாராம். அந்த ஆட்டத்துல ஜெயிச்சாலும் பீரு தோத்தாலும் பீரு, அதுக்கு நடுவுல இத்தன வருஷம். படிச்சப்போ உங்க தாத்தாவும் அந்த தீபாவளியும் ஞாபகத்துக்கு வந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல.

உன் படிப்புக்கு பி.எஃப். லோன் போட்டத சொல்லிக்காட்டுறேன்னு நெனைக்காத. நம்ம குடும்பத்துலயே வெளிநாடு போன முதல் ஆளு நீதான், எனக்கு அது போதும். ஆனா நேரத்துக்கு படு, காலையில எந்திரிச்சு ஓடு, முன்னல்லாம் ஓடுவியே.

ரூமுக்கு புதுசா ஒரு பையன் வந்திருக்கான்னியே, அவன் என்ன வேலை பாக்குறான்? லீவு நாள்ல ரெண்டு பேரும் எங்க போறீங்க? அம்மாவுக்கு தெரியாம எனக்கு மட்டும் பதில் போடு.

அப்பா