கணித ஆசிரியர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆறு கூட்டங்கள் என்று திட்டமிட்டோம், நான்குதான் நடந்தன. விடைத்தாள் திருத்தும் பணி குறுக்கே வந்துவிட்டது.

பல்லடம் கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பி.எஸ்சி. மாணவர்களும் வந்திருந்தார்கள். மைனஸ் 1-க்கும் 1-க்கும் இடையே தாவும் சதுர அலையின் ஃபூரியர் தொடரை, அதாவது சைன் அலைகளைக் கூட்டிக் கூட்டி அந்த வடிவத்தைக் கொண்டுவரும் தொடரை, ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலியில் போட்டு, ஸ்லைடரை நகர்த்தி உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனோம். 5, 20, 100 என்று போகப் போக வரைபடம் சதுரமாகிக்கொண்டு வந்தது. தாவும் இடத்தை ஒட்டிய கூர் மட்டும் 1.18 உயரத்திலேயே நின்றது. "அந்தக் கொம்பு மட்டும் ஏனுங்க சார் அடங்க மாட்டேங்குது?" என்றார் ஒரு மாணவி. இத்தனை வருடம் கரும்பலகையில் நான் வரைந்த அலைக்குக் கொம்பு முளைத்ததே இல்லை. அதனால் யாரும் கேட்டதுமில்லை.

பதில் சொல்வதற்குள் மின்சாரம் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பார்க்காமல் தேதி குறித்தது செயலாளரின் தவறு. செயலியை முன்பே கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தவர்கள் இணையம் இல்லாமலும் நகர்த்திப் பார்த்தார்கள். கணக்கைச் சாக்பீஸில் போட்டோம். வகையிட்டால் கொம்பின் இடம் கிடைக்கிறது. உறுப்புகள் கூடக் கூட அது தாவலை நெருங்குகிறது. உயரமோ குறைந்து 1-க்கு வருவதில்லை, 1.179-ஐ நோக்கியே போகிறது. 1-க்கு மேல் எழும் அந்த மிச்சம், தாவலின் உயரமான 2-இல் ஏறக்குறைய 9 விழுக்காடு. இந்தக் கொம்பை 1848-இல் ஆங்கிலேயக் கணிதர் வில்பிரஹாம் கண்டு எழுதியது மறந்துபோய், 1899-இல் எழுதிய அமெரிக்க அறிஞர் கிப்ஸின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மனப்பாடமாக ஒப்பித்துவந்த 'யூனிபார்ம் கன்வர்ஜென்ஸ்' (தொடர் எல்லாப் புள்ளிகளிலும் ஒருசேர நெருங்குவது) ஏன் தேவை என்பது அன்றுதான் பலருக்குப் பிடிபட்டது.

ஈரோட்டில் விடை சொல்லும் செயலிகளைப் பற்றிச் சண்டையே நடந்தது. சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் பெருக்கலைத் தொகையிடச் சொன்னால், ஒரு கைப்பேசி சைன் வர்க்கத்தில் பாதி என்றது. இன்னொன்று மைனஸ் காஸ் வர்க்கத்தில் பாதி என்றது. இரண்டும் சரி, வித்தியாசம் ஒரு மாறிலிதான். செயலிகளைத் தடுக்கக் கேட்ட தீர்மானம் தோற்றது. இரண்டும் எப்படி ஒன்று என்பதையே தேர்வில் கேட்டுவிடலாம் என்பது என் கட்சி.

அப்புறம், வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். புரொஜெக்டர் விளக்கு மாற்றியதே பெரிய செலவு. அடுத்த கூட்டத்தைப் பொள்ளாச்சி உறுப்பினர்கள் தங்கள் ஊரில் கேட்கிறார்கள். சரி, மின்தடை நாளைப் பார்த்துத் தேதி சொல்லுங்க. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது.

செயலாளர்