சர்க்கரை நாளுக்கு இரண்டாவது மருத்துவர் வேண்டும்: ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்டத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகள் வரும் நாளில் வரிசை வாசல் தாண்டி நிற்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. காலை 8 முதல் 12 வரை ஒரே மருத்துவர் 120 பேரைப் பார்த்தால் ஆளுக்கு 2 நிமிடம். சீட்டு எழுதுவதும் கணினியில் ஏற்றுவதும் அதற்குள்தான். அந்த ஒரு நாளைக்காவது இரண்டாவது மருத்துவரைக் கொடுங்கள்.

2 நிமிடத்தில் என்ன தப்புகிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறோம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குக் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் எழுதப்படுகிறது. காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னோ சாப்பாட்டோடோ போட வேண்டிய மாத்திரை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிறு காலியா என்று பார்க்காது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சுற்றிய பீடியை ஒப்படைக்கக் கடைக்கு ஓடுகிறவர் 11 மணி வரை சாப்பிடுவதில்லை. வியர்க்கிறது, கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியதன் அடையாளம் இது. 3 தேக்கரண்டி குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி குடிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல அன்றைக்கு நேரம் இருந்திருக்காது. "மாத்திரை ஒத்துக்கிடல" என்று அவரே நிறுத்திவிடுகிறார். "சொன்னா டாக்டரம்மா ஏசுவாவ" என்று அதையும் மறைத்துவிடுகிறார். அடுத்த மாதம் சர்க்கரை 280. மருத்துவருக்குத் தெரிவது அந்த எண் மட்டும்; 1 மில்லிகிராம் 2 ஆகிறது. பயந்துபோய் அதைப் போட்டுவிட்டு மறுபடி சாப்பிடாமல் கடைக்குப் போனால், இந்தத் தடவை வரிசையிலேயே மயங்கி விழுவார்.

"மாத்திரை போடுதியளா, போட்டா என்ன செய்யுது?" என்று கேட்டு, பதிலையும் கேட்க 3 நிமிடம் ஆகும். கேட்டிருந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டியிராது. முதல் வாய்ச் சோற்றோடு சேர்த்துப் போடச் சொன்னாலே போதுமாக இருந்திருக்கும்.

இன்சுலினிலும் இதே கதை. மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு வேண்டும். கடையில் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சை வாங்கி 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். சிரிஞ்சைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால்தான் இது பிடிபடும். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவரின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பதற்கும் இதே நேரம்தான் வேண்டும்.

மருத்துவரின் மனநிறைவு அவருடைய சொந்தச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1993-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று 186 மருத்துவர்களையும், அவர்களிடம் வந்த சர்க்கரை, ரத்த அழுத்த, இதய நோயாளிகளையும் 2 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வேலையில் நிறைவு கண்ட மருத்துவர்களின் நோயாளிகள் சொன்ன மருத்துவத்தைக் கூடுதலாகக் கடைப்பிடித்திருந்தார்கள். சலித்துப்போனவர் கேள்வி கேட்பதில்லை. கேட்காதவரிடம் நோயாளி உண்மையைச் சொல்வதில்லை.

மருத்துவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று புகார் வந்தால் விளக்கம் கேட்கப்படுவது மருத்துவரிடம்தான். 120 பேருக்கு ஒரு நாற்காலி போட்டவரிடம் விளக்கம் கேட்பது யார்? ஊதியம் பற்றிய 354-ஆம் அரசாணை 2009-ல் வந்தது. அதை மறுஆய்வு செய்து நிறைவேற்றக் கேட்டு 2019 அக்டோபரில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 10 வருடம் காத்திருந்தவர்களிடம் சிரித்த முகத்தையும் எதிர்பார்க்கிறோம். ஊதியம் உங்கள் கையில் இல்லை, தெரியும். பணிப்பட்டியல் உங்கள் கையில்தான் இருக்கிறது.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் மாத்திரை வீடு சேர்வதும் வயிறு சேர்வதும் ஒன்றல்ல.

ஆகவே தயவுகூர்ந்து, சர்க்கரை நாளுக்கு இரண்டாவது மருத்துவர் ஒருவரைப் போடுங்கள். அன்றைக்கு இருவரையும் முகாமுக்கோ கூட்டத்துக்கோ மாற்றுப் பணிக்கோ அனுப்பாதீர்கள். போன மாதம் பார்த்த அதே மருத்துவரே இந்த மாதமும் அதே நோயாளியைப் பார்க்கும்படி அட்டையில் பெயர் குறியுங்கள். அடுத்த மாதப் பணிப்பட்டியலிலேயே இதைத் தொடங்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
திருநெல்வேலி வட்டாரச் சர்க்கரை நோயாளிகளுக்காக எழுதுவோர்