தொட்டபெட்டா உயரத்தில் ஒரு மேட்ச் ஆடிவிட்டு அப்புறம் பேசலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க, கனடா கிளப்களும் மெக்சிகோ கிளப்களும் மோதும் லீக்ஸ் கோப்பை கால்பந்து இறுதிப்போட்டி பற்றி 2025 செப்டம்பர் தொடக்கத்தில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். நான்கு பத்திச் செய்தி. அதில் மூன்று பத்தி, மேட்ச் முடிந்ததும் லூயிஸ் சுவாரெஸ் எதிரணி ஊழியர் மேல் துப்பியதைப் பற்றியும் மெஸ்ஸி சோகமாக நின்றதைப் பற்றியும். கடைசிப் பத்தியில் போகிற போக்கில், அமெரிக்க கிளப்கள் மெக்சிகோ கிளப்களை மிஞ்சிவிட்டன என்று ஒரு வரி. ஸ்கோர் எங்கே என்று தேடினேன், இல்லை. ஜெயித்த அணியின் பெயர் ஒரே ஒரு தடவை வருகிறது, அதுவும் 'சியாட்டில் அணியினருடன் மோதல்' என்ற வாக்கியத்தில்.

திங்கட்கிழமை விடியற்காலை அலாரம் வைத்து எழுந்து, வீட்டில் யாரும் விழிக்காமல் டீ போட்டுக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவைத்து அந்த மேட்ச்சைப் பார்த்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 31, சியாட்டில் நகரின் லூமன் ஃபீல்டு. மைதானத்தில் 69,314 பேர். சியாட்டில் சவுண்டர்ஸ் 3, மெஸ்ஸியும் சுவாரெஸும் ஆடிய இன்டர் மயாமி 0. முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் ஒசாஸே டி ரொசாரியோ என்ற இளைஞர், பழைய கனடா நட்சத்திரம் டுவைன் டி ரொசாரியோவின் மகன். அதற்கப்புறம் மெஸ்ஸி பக்கம் வாய்ப்புகள் வந்தன, எதுவும் வலைக்குள் போகவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் அலெக்ஸ் ரோல்டான் பெனால்டியில் ஒன்று, பால் ராத்ராக் ஒன்று. அவ்வளவுதான், கதை முடிந்தது. துப்பியதற்கு சுவாரெஸுக்கு இந்தத் தொடரில் ஆறு மேட்ச் தடை, அமெரிக்க, கனடா கிளப்கள் ஆடும் எம்.எல்.எஸ். லீக்கில் தனியாக மூன்று. அவர் மன்னிப்பும் கேட்டுவிட்டார். (மெஸ்ஸி காயத்தால் ஆடாத காலிறுதியில் இரண்டு பெனால்டி போட்டு அணியைக் கரைசேர்த்தவரும் இதே சுவாரெஸ்தான். அதை யாரும் எழுதவில்லை.)

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. அந்தக் கடைசி வரிக்காக.

மிஞ்சிவிட்டன என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். எண்ணிக்கையும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. 2023-ல் இந்தத் தொடரைப் பெரிதாக்கினார்கள், எம்.எல்.எஸ்., மெக்சிகோவின் லீகா எம்.எக்ஸ். இரண்டு லீக்கும் ஒரு மாதம் கடையைச் சாத்திவிட்டு 47 கிளப்களும் வந்து ஆடின. அன்றிலிருந்து சாம்பியன்கள் இன்டர் மயாமி, கொலம்பஸ் க்ரூ, 2025-ல் சியாட்டில். மூன்றும் எம்.எல்.எஸ். கிளப். மூன்று வருடத்தில் அரையிறுதிக்கு வந்த ஒரே மெக்சிகோ கிளப் மான்டெரே, அதுவும் 2023-ல். 2025-ல் காலிறுதி நான்கிலும் ஒரு பக்கம் எம்.எல்.எஸ்., ஒரு பக்கம் மெக்சிகோ என்று விதியிலேயே வைத்திருந்தார்கள், நான்கிலும் மெக்சிகோ தோற்றது. இதைப் பார்க்கிற யாருக்கும் அந்த எண்ணம் வரத்தான் செய்யும்.

ஆனால் இந்த மூன்று வருடமும் ஒரு மேட்ச் கூட மெக்சிகோவில் நடக்கவில்லை. 2023-ல் 77 மேட்ச், 2025-ல் 62 மேட்ச், எல்லாமே அமெரிக்க, கனடா மைதானங்களில். உங்கள் செய்தியில் இது இல்லை. இது இல்லாமல் அந்த வரியை எழுதவே முடியாது என்பதுதான் என் வாதம்.

இரண்டு தேதிகளைச் சொல்கிறேன், பாருங்கள். 2025 ஜூன் 1, மெக்சிகோ சிட்டியில் கான்ககாஃப் (வட, மத்திய அமெரிக்க, கரீபியன் வட்டாரம்) சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப்போட்டி. எம்.எல்.எஸ்.ஸில் ஆடும் கனடா கிளப்பான வான்கூவர் ஒயிட்கேப்ஸை மெக்சிகோ கிளப் குருஸ் அசுல் 5-0 என்று நசுக்கியது. அந்த வான்கூவர் சாதாரண அணி இல்லை, அரையிறுதியில் மெஸ்ஸியின் மயாமியை இரண்டு மேட்ச்சிலும் சேர்த்து 5-1 என்று அடித்துவிட்டு வந்த அணி. அப்புறம் ஜூலை 31, சியாட்டில். அதே குருஸ் அசுல் லீக்ஸ் கோப்பையின் முதல் மேட்ச்சில் சவுண்டர்ஸிடம் 7-0 என்று தோற்றது. இடையில் சரியாக அறுபது நாள். பயிற்சியாளர் மாறியிருந்தார், மெக்சிகோவில் புது சீசன் தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது, எம்.எல்.எஸ். அணிகளோ பிப்ரவரியிலிருந்து ஆடி நல்ல சூட்டில் இருந்தன. எல்லாம் சரி. அதற்காக 5-0 ஜெயித்த கிளப் ஏழு கோல் வாங்குமா? மேட்ச் எங்கே நடந்தது என்று கேட்காமல் இந்த இரண்டு ஸ்கோரையும் புரிந்துகொள்ள முடியாது.

நம் வாசகர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மெக்சிகோ சிட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். அதாவது நம் ஊட்டி. பச்சுகா அதைவிட மேலே. தொலுகா 2,660 மீட்டர் பக்கம், தொட்டபெட்டா உச்சியைவிடக் கொஞ்சம் அதிகம். அங்கே மைதானம் போட்டு லீக் ஆடுகிறார்கள். ஊட்டிக்குப் போன முதல் நாள் பொட்டானிக்கல் கார்டன் மேட்டை ஏறி மூச்சு வாங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே தொண்ணூறு நிமிடம் ஓடுவது என்றால் என்னவென்று. காற்றின் அடர்த்தி குறைவு, நீளமாக அடித்த பந்து நினைத்ததைவிட வேகமாகப் போய்விடும், வெளியூர் கோல் கீப்பர்கள் அங்கே திணறுவது அதனால்தான். 2025 மே மாதம் மெக்சிகோ சாம்பியன் ஆன அணி இந்தத் தொலுகாதான். லீக்ஸ் கோப்பை காலிறுதியில் அவர்கள் எம்.எல்.எஸ். கிளப் ஆர்லாண்டோவோடு ஆடியது எங்கே தெரியுமா? கலிபோர்னியாவின் கார்சனில். 0-0, பெனால்டியில் 6-5 என்று ஆர்லாண்டோ ஜெயித்தது. மெக்சிகோ லீக்கில் கீழ்வரிசையில் தள்ளாடிய புவெப்லா கூட சியாட்டிலில் வைத்து சவுண்டர்ஸை 0-0 என்று பிடித்து, பெனால்டியில் 4-3 என்றுதான் தோற்றது. இந்தத் தொடரில் கூடுதல் நேரம் கிடையாது, தொண்ணூறு நிமிடம் சமனில் முடிந்தால் நேராக பெனால்டி. நான்கு காலிறுதியில் இரண்டு இப்படி ஓர் உதையில் முடிந்தவை. இதையா மிஞ்சியது என்பது?

எதிர்வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. இதே லீக்ஸ் கோப்பை எட்டு அணிகளோடு சின்னதாக இருந்தபோது 2019-ல் குருஸ் அசுலும் 2021-ல் லியோனும் ஜெயித்தன, இரண்டு இறுதிப்போட்டியும் நடந்தது லாஸ் வேகாஸில். அதற்கும் முன்னால் 2007 முதல் 2010 வரை சூப்பர்லீகா என்று ஒன்று நடத்தினார்கள், அதுவும் முழுக்க அமெரிக்காவில். நான்கில் மூன்றை பச்சுகா, திக்ரெஸ், மொரேலியா என்று மெக்சிகோ கிளப்களே கொண்டுபோயின. 2008-ல் மட்டும் இரண்டு அமெரிக்க அணிகள் இறுதிக்கு வந்து ஹூஸ்டனை நியூ இங்கிலாந்து பெனால்டியில் தோற்கடித்தது. (அந்த வருடம் ஹூஸ்டனில் ஆடிக்கொண்டிருந்தவர் மேலே சொன்ன அப்பா டி ரொசாரியோ. அப்பா அணிக்குக் கிடைக்காதது பதினேழு வருடம் கழித்து மகனுக்குக் கிடைத்திருக்கிறது, கோப்பையின் பெயர்தான் வேறு.) ஆக, அன்று அமெரிக்க மண்ணிலேயே மெக்சிகோ ஜெயித்தது, இன்று தோற்கிறது. எம்.எல்.எஸ். வளர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதை நான் மறுக்கவே இல்லை. கொலம்பஸ் க்ரூவையே எடுத்துக்கொள்ளுங்கள், 2024 சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் மான்டெரே ஊருக்கே போய் 3-1 என்று ஜெயித்துவிட்டு வந்தது. நிஜமான வெற்றி அது. ஆனால் அடுத்து ஜூன் 1-ஆம் தேதி பச்சுகா மலைக்கு இறுதிப்போட்டிக்குப் போனது, 3-0 தோல்வி. ஆகஸ்டில் சொந்த ஊரில் லீக்ஸ் கோப்பையைத் தூக்கியது. எது அந்த அணியின் உண்மையான அளவு? இரண்டும்தான். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி எழுதியது ஆகும்.

இரண்டு ஊரிலும் ஆடவேண்டிய அந்த சாம்பியன்ஸ் கோப்பையின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2008-ல் தொடங்கிய புது வடிவத்தில் 2025 வரை 17 தொடர் முடிந்திருக்கிறது. 16-ஐ மெக்சிகோ கிளப்கள் வென்றன. மிச்சம் ஒன்று 2022-ல் சியாட்டில், மெக்சிகோ சிட்டியின் பூமாஸை வென்று. அந்த ஒன்றுக்காகத்தான் எனக்கு சவுண்டர்ஸ் மேல் தனி மரியாதை. மெக்சிகோ சிட்டிக்குப் போய் 2-2 எடுத்துவிட்டு வந்து வீட்டில் 3-0 முடித்தார்கள்.

அப்படியென்றால் மெக்சிகோ கிளப் முதலாளிகள் ஏன் இதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். வேறென்ன, டாலர். மெக்சிகோ வம்சாவளியினர் மூன்றரைக் கோடிக்கு மேல் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சிவாஸும் கிளப் அமெரிக்காவும் டெக்சாஸுக்கோ கலிபோர்னியாவுக்கோ ஆட வந்தால் அப்பா, பிள்ளை, பேரன் என்று குடும்பமாக வந்து குவிகிறார்கள். (மெக்சிகோவின் மிகப் பெரிய கிளப்களில் ஒன்றுக்குப் பெயரே 'அமெரிக்கா'. 'அமெரிக்கா தோற்றது' என்று நீங்கள் தலைப்புப் போட்டால் அது எந்த அமெரிக்கா என்று அடைப்புக்குறிக்குள் சொல்லவேண்டியிருக்கும்.) டிவியில் பார்க்கும்போதே கேட்கும், மைதானம் சொந்த அணியுடையது, பாட்டும் மேளமும் விருந்தாளி அணியுடையது. அந்த வகையில் இது முழுக்க வெளியூர் ஆட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் கூட்டம் பாடினால் விமானப் பயணக் களைப்பு போகாது, ஹோட்டல் படுக்கை சொந்தப் படுக்கை ஆகாது. தொலுகாவின் பலமே அந்த உயரம்தான், அதைப் பெட்டியில் வைத்துக் கார்சனுக்குக் கொண்டுவர முடியாது. மெக்சிகோ முதலாளிகள் தங்கள் சொந்த மண்ணின் பலத்தைத் தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள். விற்றது அவர்கள் இஷ்டம். வாங்கியவர்கள் அதை வீரம் என்று சொல்லிக்கொள்வதும், நாம் அதை அப்படியே அச்சடிப்பதும்தான் எனக்கு உறுத்துகிறது. மெக்சிகோ சிட்டியின் அஸ்தெக்கா மைதானம் 2025-ல் உலகக் கோப்பைக்காகப் பழுதுபார்ப்பில் இருந்தது என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள், வாஸ்தவம்தான், ஆனால் அந்த நாட்டில் இருப்பது ஒரே ஒரு மைதானமா?

மெஸ்ஸியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவர் ரசிகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். நானும் அவரால்தான் இந்தத் தொடருக்குள் வந்தேன். 2023 ஜூலை 21, மயாமிக்கு அவர் முதல் மேட்ச், எதிரணி இதே குருஸ் அசுல். மாற்று ஆட்டக்காரராக இறங்கி, 1-1 என்று முடியப்போகிற நேரத்தில், 94-ஆம் நிமிடம், ப்ரீ கிக். பந்து மேல் மூலையில் போய் உட்கார்ந்தது. லீக்கின் கிழக்குப் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த அணி அது, ஒரு மாதத்தில் அவர் ஏழு மேட்ச்சில் பத்து கோல் அடித்து அதற்கு முதல் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். நாஷ்வில்லில் நடந்த அந்த இறுதிப்போட்டி பெனால்டியில் 10-9 வரை போய், இரண்டு கோல் கீப்பர்களும் உதைக்க வேண்டிவந்தது. ஒருவர் போட்டார், இன்னொருவர் உதைத்ததை முதலாமவர் தடுத்தார். அப்படி ஒரு முடிவை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதனால் மெஸ்ஸி தோற்றால் அது செய்திதான், ஒப்புக்கொள்கிறேன்.

என் வேண்டுகோள் சின்னதுதான். இந்தத் தொடர் மறுபடியும் வரும்போது நம் ஊரில் பார்ப்பவர்களும் கூடுவார்கள். தலைப்பில் மெஸ்ஸி பெயரையே போட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் யார் ஜெயித்தார்கள், எத்தனைக்கு எத்தனை, மேட்ச் எந்த ஊரில் நடந்தது, இந்த மூன்றையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். துப்பல், தள்ளுமுள்ளு எல்லாம் கீழே இடம் இருந்தால் வரட்டும்.

இப்படிக்கு,
விடியற்காலை அலாரம் வைக்கும் ஒரு வாசகன்,
பெரம்பூர், சென்னை.