ஜனவரியில் திரும்பி வருவது பற்றி

அன்புள்ள தம்பி,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். பேசியிருந்தால் இரண்டு பேரும் கத்தியிருப்போம். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கால்பந்து கிளப் உன்னை இன்னொரு கிளப்பில் ஆட லோனில், அதாவது கடனாக, அனுப்பியிருக்கிறது. ஜனவரியில் நம் கிளப் உன்னைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு நான் ஏஜென்டிடம் பேச வேண்டும் என்கிறாய். நான் பேசப் போவதில்லை. உன் ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது, சரி. வந்த பிறகு என்ன செய்வாய்? வேறு ஒரு கிளப்புக்கு லோனில் போகலாம் என்று நினைக்கிறாய். ஆகஸ்டில் நம் கிளப்புக்காகக் கோப்பை ஆட்டத்தில் இறங்கினாய், இப்போது இந்தக் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருக்கிறாய். ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் பெயர் பதியலாம், ஆனால் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆடுவது இரண்டு கிளப்புகளுக்குத்தான். அப்படியானால் வந்து நம் கிளப்பிலேயே உட்கார வேண்டும். அங்கே உனக்கு முன்னால் யார் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று உனக்கே தெரியும்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். நான் பந்தை உதைத்தவள் இல்லை, ஆனால் உன் சின்ன வயதிலிருந்து மைதான ஓரத்தில் உட்கார்ந்து உன்னைப் பார்த்திருக்கிறேன். நம் கிளப்பில் பந்து தரையோடு உன் காலுக்கு வரும், நீ திரும்பி கோலைப் பார்ப்பாய். இப்போது ஆடும் கிளப்பில் அப்படி வராது. பின்னாலிருந்து ஒருவர் உயரத் தூக்கி அடிக்கிறார், உன் முதுகில் ஒரு தடியன் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். பந்து கிடைக்காத கோபத்தில் நீ மிட்ஃபீல்டுக்கு இறங்கி வந்து வாங்குகிறாய். அடுத்த நிமிடம் வலது ஓரத்திலிருந்து கோல் பக்கம் கிராஸ் அடிக்கிறார்கள், கோலுக்கு முன்னால் பாக்ஸில் யாரும் இல்லை. அப்புறம் 'எனக்குப் பந்தே வருவதில்லை' என்கிறாய்.

அந்த ஓரத்தில் ஆடும் விங்கர் பந்தை நிறுத்தி, உள்ளே வெட்டி, யோசித்து அடிக்கிறவர் இல்லை. தலையைத் தூக்கியதும் அடித்துவிடுகிறார். அவர் அடித்த பிறகு நீ ஓடத் தொடங்கினால் பந்து உன்னைத் தாண்டிப் போய்விடும். அவர் தலையைத் தூக்கும்போதே நீ அவர் பக்கமிருக்கும் கோல் கம்பத்துக்கு, அந்த நியர் போஸ்ட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். இதை அவரிடம் ஒரு தரமாவது பேசினாயா? பயிற்சி முடிந்ததும் முதல் ஆளாக அறைக்குப் போய்விடுகிறாய் என்று நீயே சொன்னாய். கொஞ்சம் நின்று, அவரோடு கிராஸ் போட்டுப் பழகு. உன் கோல் அவர் காலில்தான் இருக்கிறது.

தலைக்கு வரும் பந்தை எல்லாம் நீ ஜெயிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உடம்பை வைத்து டிஃபெண்டரைச் சரியாகக் குதிக்க விடாமல் செய்தாலே போதும். பந்து பாதியில் விழும், உன் ஆள் எடுத்துக்கொள்வான். அந்த இரண்டாவது பந்துக்காகத்தான் கோச் அப்படி ஆட வைக்கிறார். கோல் கணக்கில் அது வராது, ஆனால் அவர் கவனிப்பார்.

கோச் மீது உனக்கு இருக்கிற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடைசி இடங்களில் கிடக்கும் அணி அது. அங்கே இருப்பவர்களுக்குப் புள்ளி என்றால் அடுத்த வருட வேலை. உன்னை வளர்ப்பது நம் கிளப்பின் கவலை, அவருக்குச் சனிக்கிழமை ஆட்டம்தான் கவலை. நீ விருந்தாளி போல நடந்துகொண்டால் அணியில் யாருக்கும் பிடிக்காது, அதில் தப்பும் இல்லை.

இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் கதையை எல்லோரும் உனக்குச் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். 2012-இல் நார்விச்சுக்கு லோனில் போனார். கால் எலும்பு முறிந்தது, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அடுத்து லெஸ்டர், 13 ஆட்டங்களில் 2 கோல். பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான 2013 பிளேஆஃப் அரையிறுதியில் இரண்டு ஆட்டங்களிலும் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார். அந்த அணியில் இன்னொரு ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டியும் இருந்தார். மூன்று வருடம் கழித்து, 2015-16 பிரீமியர் லீக்கில் கேன் 25 கோல், வார்டி 24. (ஒரே சீசனில் கேன் இரண்டு கிளப்புக்கு லோனில் போனாரே என்று கேட்பாய். அப்போது இங்கிலாந்துக்குள் சீசன் நடுவிலேயே குறுகிய கால லோன் இருந்தது, இப்போது அந்த வழியை மூடிவிட்டார்கள்.) நீயும் கேன் ஆகிவிடுவாய் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு லோனை வைத்து ஒரு ஸ்ட்ரைக்கரை எடை போட முடியாது, அவ்வளவுதான்.

'கடைசி இருபது நிமிடத்தில் இறக்கிவிட்டால் என்ன செய்ய முடியும்' என்று கேட்டாய். பெல்ஜியம் ஸ்ட்ரைக்கர் லுகாகு வெஸ்ட் பிராம்விச்சில் லோனில் இருந்த 2012-13 சீசனில் பல ஆட்டங்களில் பெஞ்சிலிருந்துதான் வந்தார். லீக்கில் 17 கோல் அடித்தார். கடைசி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக இடைவேளைக்குப் பிறகு இறங்கி மூன்று அடித்தார். இறங்கும் நேரத்தில் எதிரணி டிஃபெண்டர் களைத்திருப்பான், உன் கால் புதிது. நீயோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குகிறாய், வீடியோவிலேயே தெரிகிறது.

தனியாக இருப்பது கஷ்டம்தான், அதைப் பற்றி நான் அறிவுரை சொல்லப் போவதில்லை. சாயங்காலம் அறையில் உட்கார்ந்து உன்னைப் பற்றி ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதுவதைப் படிக்காதே. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நீ கோச்சிடம் கேட்டு, அவர் சொன்னதைச் செய்து, அப்படியும் பெஞ்சில்கூட இடம் இல்லை என்றால் திரும்பி வா. ஆடாத லோனால் யாருக்கும் லாபம் இல்லை. அப்போது ஏஜென்டிடம் நானே பேசுகிறேன். ஆனால் நீ இன்னும் அவரிடம் கேட்கவே இல்லையே.

வியாழக்கிழமை பயிற்சிக்குப் பிறகு கேள். 'ஏன் என்னை இறக்கவில்லை' என்று ஆரம்பிக்காதே. 'பந்து நம்மிடம் இல்லாதபோது நான் எங்கே நிற்க வேண்டும்' என்று கேள், அவர் நிறையச் சொல்வார். அடுத்த வாரம் லோனில் போனவர்களைக் கவனித்துக்கொள்ளும் நம் கிளப்பின் லோன் மேனேஜர் ஆட்டம் பார்க்க வருகிறார் அல்லவா, அவரிடம் உன் ஓட்டங்களின் வீடியோத் துண்டுகளை வாங்கிக்கொள். விங்கரையும் கூட உட்கார வைத்துப் பார்.

கோச் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொல்.

அம்மா