ஊர் திரும்புவோருக்கு வேண்டிய பள்ளி விவரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகுடா நாடுகளில் வேலை முடிந்தோ, வேலையை இழந்தோ குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி தேடி அலைவது எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் நடப்பதுதான். தனியார் பள்ளிக் கட்டணம் கட்டுப்படியாகாமலோ, அரசுப் பள்ளியில் படித்தால் கிடைக்கும் ஒதுக்கீட்டைக் கேள்விப்பட்டோ, இவர்களில் பலர் அரசுப் பள்ளியையும் அரசு உதவிபெறும் பள்ளியையும் நாடுகிறார்கள். வரவேற்க வேண்டியதே. ஆனால் எந்தப் பள்ளி என்று முடிவு செய்ய அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் உறவினர் சொல்லும் அரைகுறைத் தகவல்தான். மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சிலவற்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2020-இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அதே அளவு ஒதுக்கீடு வழங்கப்பட்டது. இதைப் பெற 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. துபாயிலோ தோகாவிலோ 8-ஆம் வகுப்பை முடித்துவிட்டு 9-ஆம் வகுப்பில் இங்கு வந்து சேரும் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை கட்டணமின்றிப் படித்துப் பின்னர் அரசுப் பள்ளிக்கு மாறியவர்களுக்கு அளிக்கப்படும் சலுகை, வெளிநாட்டில் கட்டணம் செலுத்திப் படித்தவர்களுக்குப் பொருந்தாது.

அரசு உதவிபெறும் பள்ளியும் அரசுப் பள்ளிதானே என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அங்கே ஆசிரியருக்கு ஊதியம் தருவது அரசுதான். பாடநூலும் அரசு தருவதுதான். இருந்தாலும் 7.5 விழுக்காட்டைப் பொறுத்தவரை அது அரசுப் பள்ளி ஆகாது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கென்றே தொடங்கப்பட்டு, 2024-இல்தான் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. பெயர் பெற்ற உதவிபெறும் பள்ளி என்று நம்பி ஆங்கில வழிப் பிரிவில் சேர்க்கிறவர்கள், அந்தப் பிரிவு பெரும்பாலும் கட்டணம் வசூலிக்கும் சுயநிதிப் பிரிவு என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒதுக்கீட்டை விடவும் எனக்குக் கவலை தருவது தமிழ்ப் பாடம். வளைகுடாவில் சிபிஎஸ்இ பள்ளிகளில் இந்தியோ பிரெஞ்சோ படித்த பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். ஒரு பத்தி பிழையின்றி எழுதச் சொன்னால் திணறுவார்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, ஆங்கில வழியில் படித்தாலும் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த்தாளை எழுதித்தான் ஆக வேண்டும். 6-ஆம், 7-ஆம் வகுப்பில் வருகிற பிள்ளை சமாளித்துவிடும். 9-ஆம் வகுப்பில் வருகிற பிள்ளைக்கு இரண்டே ஆண்டுகளில் செய்யுளும் இலக்கணமும் கட்டுரையும் வசப்பட வேண்டும். தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் இத்தகைய மாணவர்களைச் சேர்க்கத் தயங்கும் தலைமையாசிரியர்களும் இருக்கிறார்கள் (அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, மேலதிகாரிகள் அவர்களிடம் முதலில் கேட்பதே அந்த எண்ணைத்தான்). ஆகவே நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற பதாகையைப் பார்த்துப் பள்ளியை முடிவு செய்வதைவிட, மாலையில் கூடுதலாக அரைமணி நேரம் தமிழ் சொல்லித்தர அங்கே ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரிப்பது மேல்.

உயர்நிலைப் பள்ளி 10-ஆம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதையும், மேல்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் எல்லாப் பாடப்பிரிவுகளும் இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உயிரியல் பிரிவு வேண்டும் என்கிற பெண் பிள்ளை, அருகிலுள்ள பள்ளியில் வணிகவியலும் கணினி அறிவியலும் மட்டுமே இருந்தால், மேனிலை முதலாம் ஆண்டில் பேருந்தேறி வேறு ஊருக்குப் போக நேரும்.

இவற்றையெல்லாம் பெற்றோர் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது நியாயமன்று. ஒவ்வொரு அரசு மற்றும் உதவிபெறும் பள்ளியிலும் உள்ள பாடப்பிரிவுகள், பயிற்று மொழி, சுயநிதிப் பிரிவு உண்டா இல்லையா, பாடவாரியாக ஆசிரியர் காலியிடம் ஆகியவற்றை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம் ஆண்டுதோறும் ஏப்ரலுக்குள் வெளியிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் மாற்றுச் சான்றிதழில் யார் யாருடைய மேலொப்பம் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால், திரும்பி வந்த பிறகு சான்றிதழை மீண்டும் அங்கே அனுப்பிவைக்கும் அலைச்சல் மிச்சமாகும். அயல்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஏற்கெனவே பாடநூல்களை உருவாக்கியிருக்கிறது. ஊர் திரும்பும் மாணவர்களுக்கான கோடைக்கால இணைப்பு வகுப்பை அவற்றைக் கொண்டே வட்டத்துக்கு ஒரு பள்ளியில் தொடங்கலாம். பள்ளிக்கல்வித் துறையும் அயலகத் தமிழர் நலத்துறையும் இது குறித்து வரும் கல்வியாண்டுக்கு முன்பே முடிவெடுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
ராமநாதபுரம் மாவட்டம்.