கானை அகலமாக்கினால் போதாது

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு யாழ்ப்பாணக் கம்பஸ் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும் குறைந்தபாடில்லை. மற்றபடி சுகம்.

‘கம்பியூட்டரில் மழையை ஓடவிட்டு என்ன காணப்போகிறாய்?’ என்று கேட்டிருந்தாய். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1971இல் உருவாக்கிய எஸ்.டபிள்யூ.எம்.எம். என்ற மழைவெள்ளக் கணிப்பு மென்பொருள்தான் நான் பாவிப்பது, இலவசம். வவுனியா நகரைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சரிவு, கூரையும் தாரும் மூடிய பங்கு, மழைத்தண்ணீர் ஓடும் கானின் அகலம், மதகின் விட்டம் எல்லாம் கொடுத்தால், ஒரு மழைக்கு எந்தச் சந்தியில் எத்தனை மணிக்குத் தண்ணீர் மேலெழும் என்று காட்டும்.

விபரம் பிழைத்தால் விடையும் பிழைதான். எங்கள் கான்களில் ஓட்டத்தை அளக்கக் கருவி ஏது? அதனால் சனத்திடம் போகிறேன். கடைவீதியில் ஒரு ஐயா குடை நுனியால் சுவரைத் தொட்டு, “இந்தக் கறை மட்டும் ஏறினது தம்பி” என்றார். மஞ்சள் பூச்சில் மங்கலான மண்நிறக் கோடு. அளந்தால், கணிப்பில் வந்த உயரம் அதைவிடக் குறைவு. பக்கத்து மதகுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன்: அரைவாசிக்கு மணலும் ஷொப்பிங் பைகளும். மதகைப் பாதி அடைத்ததாகக் கொடுத்து ஓட்டியதும் கோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது.

கானை மட்டும் அகலமாக வெட்டினால் மேட்டுப்பக்கம் தப்பும். அதே வெள்ளம் பள்ளத்துச் சனத்தின் வாசலுக்கு இன்னும் வேகமாகப் போகும். இதைத்தான் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன். மேலேயே மறிக்க வேண்டும். 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர். ஆவணியில் கிணறு வற்றுகிற ஊரில் அதைக் கானுக்குள் விடலாமா? ஒரு குளம் வான் பாய்ந்தால் அடுத்த குளம் வாங்கிக்கொள்ளும்படி கட்டிவைத்த மண் இது. தூர்ந்துபோன சிறு குளங்களைக் கணிப்பில் திரும்ப வைத்தால் வெள்ளத்தின் உச்சம் நன்றாகவே இறங்குகிறது. அவற்றை நிரப்பிக் காணியாக்குவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

சரி, ஒரு உதவி. 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியில் உன் ஒழுங்கையில் எவ்வளவு ஏறியது என்று, சுவரில் கறை அழிய முன்னம் அளந்து அனுப்பு. படமும் எடு. மாரிக்கு முதல் உங்கள் பக்கத்தையும் ஓட்டிப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் மச்சான்